கெட்டியாகப் போட்டுக் கொடுங்க

அப்படிச் சொன்னது நான்தான். பைண்டிங் கடைக்காரர் நான் கேட்டதைச் செய்து கொடுத்தார், அவ்வளவுதான். நாலு நாள் கழித்துப் போனபோது கருஞ்சிவப்பு ரெக்சின் அட்டை போட்டு, மூன்று ஓரமும் மழமழவென்று வெட்டி, செங்கல் மாதிரி ஒரு புத்தகத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். கையில் வாங்கியதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு தாள்கூட ஆடவில்லை. வீட்டுக்கு வந்து நடுவில் பிரித்தேன். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால்தான் பாதி திறந்தது; கையை எடுத்ததும் பட்டென்று மூடிக்கொண்டது. இடப்பக்கத்தில் அடியின் கடைசி எழுத்தும், வலப்பக்கத்தில் முதல் எழுத்தும் முதுகுக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தன. அது 2018. அன்றிலிருந்து அந்தப் புத்தகம் என் மனசை விட்டு இறங்கவில்லை.

எங்கள் பக்கம் 'கெட்டி' என்பது பெரிய பாராட்டு. கயிறு வாங்கினாலும், கட்டில் வாங்கினாலும், வேட்டி வாங்கினாலும் முதல் கேள்வி "கெட்டியா இருக்குமுங்களா?" என்பதுதான். ஒரு பொருள் இரண்டு தலைமுறைக்கு உழைக்க வேண்டும் என்று நினைக்கிற பூமியில் அது நியாயமான கேள்வி. அதே கேள்வியைப் புத்தகத்திடமும் கேட்டுவிட்டேன்.

அந்தப் புத்தகம் என் அப்புச்சியுடையது, அதாவது அம்மாவைப் பெற்ற அப்பாவுடையது. வில்லிபாரதம், பத்துப் பருவமும் ஒரே கட்டாக. அம்மா பிறந்த ஊர் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஆனி ஆடியில் மேற்கே மலையில் மழை கொட்டும்போது எங்களுக்கு வெறும் காற்றுதான் வந்து சேரும். புரட்டாசிக்கு மேல் பெய்கிற மழையை நம்பித்தான் கிணறும், கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும். அது ஏமாற்றிவிட்டால் பெண்கள் வீடு வீடாகப் போய் மழைச்சோறு எடுப்பார்கள். ஆண்கள் பிள்ளையார் கோயில் திண்ணையில் விராட பருவம் படிப்பார்கள். பாண்டவர்கள் ஒளிந்திருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டபோது, தருமன் இருக்கிற நாட்டில் மழை தவறாது, அதை வைத்துத் தேடுங்கள் என்று பீஷ்மர் சொல்கிறார் இல்லையா, அந்த நம்பிக்கை. அப்புச்சி பாட்டை ராகம் போட்டுப் படிப்பார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் அர்த்தம் சொல்லுவார். புத்தகம் சிக்குப்பலகையில், புத்தகத்தை விரித்து வைத்துப் படிக்கிற மரத்தாங்கியில், விரிந்து கிடக்கும். மண்ணெண்ணெய் விளக்கு, பூச்சிகள், பின்னால் எங்கோ மாட்டு மணி. தூங்கி விழுந்துகொண்டே நான் கேட்ட பாரதம் அதுதான்.

அதனால் அந்தப் புத்தகம் ஒரே இடத்தில்தான் தேய்ந்திருந்தது. ஆதி பருவத்துத் தாள்கள் புதுசு போல இருக்கும். விராட பருவம் வந்தால் எண்ணெய்க் கறை, விரல் பட்டுக் கறுத்த கீழ் மூலைகள், அறுந்து தொங்கும் நூல். மேஜையில் வைத்துக் கையை எடுத்தால் புத்தகம் தானாக அங்கேதான் பிளந்துகொள்ளும். அந்தப் பக்கங்களின் வெளி ஓரத்தில் அப்புச்சி பேனா மையில் பொடி எழுத்தில் குறித்து வைத்திருந்தார். "துந்துபி, ஐப்பசி 9. முடித்த மூன்றாம் நாள் ஒரு உழவு மழை." இன்னொரு வருடத்துக்கு நேராக "மழை இல்லை" என்று மட்டும். பெய்ததை எழுதியவர் பெய்யாததையும் எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகப் படுகிறது.

2016இல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்த மார்கழியில் என் மாமா, அப்புச்சி இல்லாத திண்ணையில் உட்கார்ந்து, அதே புத்தகத்தை வைத்துப் படித்தார். அப்போதுதான் அது மொத்தமாகக் கழன்றது. தாள்கள் பறக்காமல் இருக்கச் சணல் கயிறு போட்டுக் கட்டி, "நீ படிச்ச புள்ள, இதையக் கொண்டுபோய் நல்லாப் பண்ணி வை அம்மிணி" என்று என் கையில் கொடுத்தார். ஒரு வருடம் அட்டாலியில் கிடந்தது. அப்புறம்தான் பைண்டிங் கடை.

ரெக்சின் போட்டு வந்த பிறகு விராட பருவத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஓரத்தைப் பார்த்தேன். வெட்டும் மெஷின் அரை விரல் அளவு தின்றிருந்தது. வலப்பக்கங்களில் குறிப்புகளின் கடைசி எழுத்துகள் போயிருந்தன, இடப்பக்கங்களில் முதல் எழுத்துகள். "ஒரு உழவு ம" என்று ஒரு இடத்தில் நின்றது. இன்னொரு இடத்தில் வருடத்தின் பெயரே இல்லை, "ப்பசி 14" என்று மட்டும் ஆரம்பித்தது.

மாமா ஒரு விசேஷத்துக்கு வீட்டுக்கு வந்தபோது புத்தகத்தைக் கேட்டார். கொடுத்தேன். மடியில் வைத்துப் பிரித்தார். மூடிக்கொண்டது. மறுபடி பிரித்து, முழங்கையால் ஒரு பக்கத்தை அமுக்கிக்கொண்டு ஒரு பாட்டின் முதல் அடியை வாய்க்குள் படித்துப் பார்த்தார். அப்புறம் மூடி, ரெக்சினை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, "நல்லாக் கெட்டியா இருக்குது கண்ணு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். ஊருக்கு எடுத்துப் போகிறேன் என்று சொல்லவில்லை. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

முதுகு என்கிற கீல்

என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள நான் புத்தகத்தின் உடம்பைப் படிக்க ஆரம்பித்தேன். பழைய முறையில் கட்டிய புத்தகம் தனித்தனித் தாள்களால் ஆனதில்லை. பெரிய தாளில் 16 பக்கம் அச்சடித்து, மடித்தால் அது ஒரு பாரம். ஒவ்வொரு பாரத்தையும் அதன் மடிப்பில் ஊசி விட்டுத் தைத்து, அடுத்த பாரத்தோடு கோத்து, முதுகில் பசை தடவி, அதன் மேல் வலை போன்ற துணியை ஒட்டி, கடைசியாக அட்டைக்குள் இறக்குவார்கள். தையல் மடிப்பில் இருப்பதால் ஒவ்வொரு பாரமும் கதவு மாதிரி தன் கீலில் திரும்பும், புத்தகம் முழுசாக விரியும். என்னுடைய கடைக்காரர் செய்தது பக்கவாட்டுத் தையல். முழுக் கட்டையும் அடுக்கி, முதுகிலிருந்து அரை அங்குலம் தள்ளி ஓட்டை போட்டு, மேலிருந்து கீழ்வரை நூலை ஓட்டி இறுக்குவது. பில் புக்குக்கும் கல்லூரிப் பிள்ளைகளின் ரெக்கார்டுக்கும் அது சரி. நூறு ஆண்டானாலும் ஒரு தாள் வெளியே வராது. ஆனால் கீல் இருந்த இடத்தில் சுவர் வந்துவிடும்.

தளர்ந்த புத்தகம் எல்லாமே ஒரே மாதிரித் தளர்வதும் இல்லை. எங்கள் வீட்டில் மாமனார் வாங்கி வைத்த கலைக்களஞ்சியம் இருக்கிறது. 1954இல் முதல் தொகுதி வந்து, 1968இல் பத்தாவதோடு முடிந்தது; முதன்மை ஆசிரியர் நம் மொடக்குறிச்சிப் பக்கத்துப் பெரியசாமித் தூரன், அதை நடத்திய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் தலைவர் திருப்பூர்க்காரரான அவினாசிலிங்கம். கொங்குக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து இழுத்த தேர் என்று மாமனார் பெருமையாகச் சொல்லுவார். அந்தத் தொகுதிகளில் தையலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் புத்தகம் கனம். அலமாரியில் நிற்கும்போது அட்டைதான் பலகையில் ஊன்றி நிற்கிறது; உள்ளே இருக்கிற தாள்கட்டு கீழே தொடாமல், அட்டையோடு ஒட்டிய இரண்டு தாள்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வருடக்கணக்காக அப்படித் தொங்கினால் முதுகின் மேல்முனை முன்பக்கம் சாய்ந்து, அட்டை கழல ஆரம்பிக்கும். போதாததற்கு எல்லோரும் புத்தகத்தை முதுகின் தலையில் விரல் போட்டுத்தான் இழுக்கிறோம். பக்கத்துப் புத்தகங்களை இரண்டு பக்கமும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு நடுவில் பிடித்து எடுக்க வேண்டும்.

இந்தத் தளர்ச்சிக்கு வைத்தியம் சுலபம், பார்க்கவே அழகாக இருக்கும். ஸ்வெட்டர் பின்னும் நீள ஊசியைப் பசையில் தோய்த்து, அட்டைக்கும் முதுகுக்கும் நடுவில் திறந்திருக்கும் குழாய் போன்ற இடைவெளியில் மேலிருந்து விட வேண்டும். அட்டை மடங்கும் கீலின் உள்பக்கத்தில் மட்டும் படுகிற மாதிரி ஊசியை விரலால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். முதுகில் பட்டால் முதுகும் அட்டையும் ஒட்டிக்கொண்டு புத்தகம் விறைத்துவிடும். பிறகு கீழ்ப்பக்கத்திலிருந்தும் அதே மாதிரி. புத்தகத்தை மூடி, அட்டையின் பள்ளத்தை மழுங்கிய விளிம்பால் தேய்த்து, உள்ளே பட்டர் பேப்பர் வைத்து, துணி சுற்றிய செங்கல் ஒன்றை மேலே ஏற்றி ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். முதல் தொகுதி காலையில் திடமாக நின்றபோது எனக்கு அப்புச்சியின் புத்தகம்தான் ஞாபகம் வந்தது. அதற்கு ஊசியும் செங்கலும் போதாது என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

பாவுக்குப் போடற கஞ்சி

2023 ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பழைய புத்தகம் விற்கும் அரங்கில் ஒரு பெரியவர் ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து, தலைப்பைப் பார்க்காமல், தலைகீழாகப் பிடித்து முதுகின் மேல்முனையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாரத்தின் வளைவுகள் தெரிகின்றனவா, இல்லை தாளை வெட்டிப் பசையில் குத்தியிருக்கிறார்களா என்று பார்க்கிறார் என எனக்குப் புரிந்தது. பேச்சுக் கொடுத்தேன். சென்னிமலைப் பக்கத்துத் தறிக்காரக் குடும்பம். சின்ன வயசில் அச்சகத்துக்கு வேலைக்கு வந்து, நாற்பது வருடத்துக்கு மேல் பைண்டிங். இப்போது வீட்டுத் திண்ணையில், யாராவது கேட்டால் மட்டும். என் கதையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஓரத்துல எழுத்து இருக்குதுன்னு அவருகிட்டச் சொன்னீங்களா அம்மிணி?"

சொல்லவில்லை. எந்த இடத்தில் பிரித்துப் படிப்போம், எங்கே வைத்துப் படிப்போம், சிக்குப்பலகையில் விரிய வேண்டும், ஓரத்தைத் தொடக்கூடாது — ஒன்றுமே சொல்லவில்லை. கயிற்றுக்கட்டைக் கொடுத்துவிட்டு கெட்டியாகப் போடுங்க என்றேன். ஐந்து வருடமாக மெஷின் மேலும் ரெக்சின் மேலும் இருந்த கோபம் அந்த அரங்கு வாசலில் என் பக்கம் திரும்பியது.

"அறுத்தது அறுத்ததுதானுங். அது வராது. மத்ததப் பாக்கலாம், கொண்டாங்க" என்றார்.

அடுத்த இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் திண்ணைக்குப் போனேன். முதலில் பிரிப்பது. ரெக்சினைக் கீலில் கீறி எடுத்தார். பக்கவாட்டு நூலை இரண்டு விரற்கடைக்கு ஒரு இடத்தில் வெட்டி, குறடால் துண்டு துண்டாக உருவினார். முதுகில் வெள்ளைப் பசை காய்ந்து பிளாஸ்டிக்காக இருந்தது. ஈரத்துணி போட்டு ஊறவைத்தால் அது கரையவில்லை, வெளுத்து ரப்பர் மாதிரி ஆனது. அதை எலும்புத் தகட்டால் நெம்பி உரித்து உரித்து எடுத்தோம், அதற்கே இரண்டு ஞாயிறு. "இதுக்குத்தானுங் மாவுப்பசை வேணுங்கறது. நான் போட்டத நாளைக்கு இன்னொருத்தன் பிரிக்கோணும். ஈரம் காட்டுனா விட்டுக் குடுக்கோணும்" என்றார். அவர் பேசியதில் என் மனசில் ஆணியடித்தாற்போல நின்ற சொல் அந்த 'விட்டுக் குடுக்கோணும்'தான். செலோடேப் மீதும் அவருக்கு அதே கோபம். நாடா உதிர்ந்துபோகும், அதன் பசை மட்டும் தாளுக்குள் இறங்கி மஞ்சளாகி, பழுப்பாகி, எழுத்தையும் சேர்த்துத் தின்னும்.

முதுகு சுத்தமானதும் என் கண் கலங்கிவிட்டது. 60 பாரத்தின் மடிப்புகளும் அங்கேயே இருந்தன. கடைக்காரர் வெளி ஓரங்களைத்தான் வெட்டியிருந்தார், முதுகை அறுக்கவில்லை. ஐம்பத்தாறு பாரம் அப்படியே எடுத்துத் தைக்கிற நிலையில். மீதி நாலு பாரம் விராட பருவத்தைச் சேர்ந்தவை. அவற்றில் மடிப்பே இல்லை. ஒவ்வொரு தாளும் தனித்தனியாகக் கிடந்தது.

பசை காய்ச்சுவதை அவர் மனைவி செய்து காட்டினார். ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதியை ஊற்றி, சின்னத் தீயில் கை எடுக்காமல் கிண்டினால் பால் வெள்ளை மெல்ல மங்கி, கண்ணாடி போல ஒரு பளபளப்பு வரும், கரண்டியை இழுத்தால் கனம் தெரியும். இறக்கி, ஆறவைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து வடிகட்ட வேண்டும். "பாவுக்குப் போடற கஞ்சியாட்ட இருக்கோணும் கண்ணு. விரல்ல தொட்டா வழுக்கோணும், ஒழுகப்படாது" என்றார் அந்த அம்மா. தறி வீட்டில் நூலுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய கை அது. அந்தக் காலத்தில் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்களாம். இப்போது பெரியவர் போடுவதில்லை. துத்தம் பூச்சியைக் கொல்லும்தான், ஆனால் தாளுக்கு ஆகாது, கொஞ்ச வருடத்தில் தாள் நொறுங்க அதுவும் ஒரு காரணம் ஆகிவிடும். அலமாரியில் வசம்பு முடிச்சு போதும் என்கிறார்.

நாலு பாரத்தைச் சரிசெய்யும் வேலையை என்னிடமே கொடுத்தார். முதலில் ஜோடி சேர்க்க வேண்டும். 16 பக்கப் பாரத்தில் எட்டுத் தாள். 1ஆம் பக்கம் உள்ள தாளுக்கு ஜோடி 16ஆம் பக்கம் உள்ள தாள், அதற்குள் 3க்கு 14, இப்படியே உள்ளே போய் நடுவில் 8உம் 9உம் முகம் பார்த்துக்கொள்ளும். ஒரு ஜோடியைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, நடுவில் மயிரிழை இடைவெளி விட்டு, அதன் மேல் மெல்லிய டிஷ்யூ தாளில் ஒரு பட்டையை ஒட்ட வேண்டும். பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது. தூரிகையை நனைத்து ஒரு கோடு இழுத்து, ஈரம் ஊறியதும் இரண்டு பக்கமும் மெல்ல இழுத்தால் அது நார் நாராகப் பிரிந்து வரும். அந்த நார் ஓரம்தான் பழைய தாளோடு கலந்து, ஒட்டு இருக்கிற இடமே தெரியாமல் அடங்கும். நேராக வெட்டிய ஓரமாக இருந்தால் பழைய தாள் அடுத்த முறை அந்தக் கோட்டிலேயே முறியும். மேலும் கீழும் உறிஞ்சு தாள் வைத்து, எடைக்கல்லை ஏற்றிவிட்டு அடுத்த ஜோடிக்குப் போக வேண்டும். ஒரு பாரத்துக்கு நாலு ஜோடி. ஒரு ஞாயிற்றுக்கு ஒரு பாரம்.

அந்த நாலு ஞாயிறும் நான் அப்புச்சியின் கையெழுத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். 'மழை' என்று எழுதும்போது ழகரத்தின் வாலைக் கீழே இழுத்து விடுவார். வெட்டுப்பட்ட இடங்களில் சிலவற்றில் அந்த வால் மட்டும் மிஞ்சியிருந்தது. எழுத்து போய்விட்டது, ஆனால் வால் இருக்கிறது, அதனால் அந்த வருடம் பெய்திருக்கிறது என்று தெரிந்தது. 'மழை இல்லை' என்று முடித்திருந்தால் கடைசி எழுத்தில் வால் வராதே. அப்படி இரண்டு வருடத்து மழையை மீட்டேன். வருடத்தின் பெயர் போனவற்றை மீட்க முடியவில்லை.

தையலைப் பெரியவரே போட்டார். குத்தூசியால் மடிப்பில் ஓட்டை, தேன்மெழுகு தடவிய பருத்தி நூல். நூலை முதுகுக்கு நேராகப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும், தன் பக்கம் இழுத்தால் மடிப்பு கிழிந்துவிடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கேட்டேன். "பாவு பூட்டறாப்பலதானுங். இழுத்துப்போட்டா இழை அறுந்துரும், தொளதொளன்னு உட்டா நெய்ய முடியாது." பழைய பக்கவாட்டுத் தையலின் ஓட்டைகளை அடைக்க வேண்டாம் என்றார். அவை உள் ஓரத்தில் வரிசையாக இன்னும் இருக்கின்றன. அட்டைக்குச் சென்னிமலைக் கைத்தறித் துணியில் ஒரு கஜம் வாங்கி வந்தேன். பசை ஊறி வெளியே தெரியாமல் இருக்க அதன் பின்பக்கம் தாள் ஒட்டிக் காயவைத்துப் பயன்படுத்தினோம்.

முடித்து, பத்து நாள் கனத்தில் வைத்து, எடுத்து மேஜையில் நிறுத்தி கையை விட்டார். புத்தகம் மெல்ல இரண்டாகப் பிரிந்து விராட பருவத்தில் விரிந்தது. நான் அவரைப் பார்த்தேன். "டிஷ்யூ ஒட்டுன பாரம் நாலும் மடிப்புல ஒரு மசிரு தடிச்சிருக்குதுல்லீங்? தடிச்ச எடத்துலதான் அது தொறக்கும்" என்றார்.

2024 சித்திரை வெயிலில் ஈரோடும் எங்கள் பக்கமும் காய்ந்து கிடந்தது. மாமா போன் போட்டு, "அம்மிணி, அந்தப் புஸ்தகம் உங்கிட்டத்தான இருக்குது?" என்றார். எடுத்துக்கொண்டு போனேன். சிக்குப்பலகையில் வைத்ததும் அது தானாக விரிந்ததைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காப்புச் செய்யுளை ஆரம்பித்தார். ஐந்து ராத்திரி படித்தார்கள். வைகாசி பிறந்த மூன்றாம் நாள் சாயங்காலம் காற்று திரும்பி, புழுதி அடங்குகிற அளவுக்குத் தூறல் விழுந்தது. ஒரு உழவுக்குக் காணாது. மாமா திண்ணைக்கு என்னைக் கூப்பிட்டுப் பேனாவை நீட்டினார். பென்சிலே போதும் என்று சொல்லி, வெளி ஓரத்தை விட்டு, பாட்டுக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் எழுதினேன்: குரோதி, வைகாசி 3. தூறல்.